ஹரிக்கேன் போர்விமானத்தை 1/72 அளவில் கட்டுவது: டப்பாவிலிருந்து அலமாரி வரை

குமரி மாவட்டம் தக்கலையில் என் வீட்டு மாடி அறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக் விமான மாடல் கட்டும் பையன்கள் சிலர் வருவார்கள். பெரும்பாலும் பாதியில் நின்றுபோன விமானம் ஒன்று கையில் இருக்கும். "எனக்குக் கை சரியில்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே நீட்டுவார்கள். பார்த்தால் கையில் குறை இருக்காது, வரிசைதான் தவறியிருக்கும். நிறம் அடிப்பதற்கு முன்பே சக்கரத்தை ஒட்டியிருப்பார்கள். வெளியே மழை பெய்கையில் வார்னிஷ் அடித்திருப்பார்கள். கிட்டுக்குள் வரும் குறிப்புத்தாள் எந்தப் பாகம் எங்கே போகும் என்று காட்டும். எதை எப்போது செய்யக்கூடாது என்று அதில் இருக்காது.

இங்கே எடுத்துக்கொள்வது இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர்விமானமான ஹாக்கர் ஹரிக்கேன், அதில் மார்க் 2சி என்ற வகை. ஸ்பிட்ஃபயர், ஜீரோ, மெஸ்ஸர்ஷ்மிட் 109 எதுவானாலும் வரிசை இதுதான். மாறுகிற இடத்தில் சொல்கிறேன்.

1. டப்பாவைத் திறக்கும் முன்

"ஹரிக்கேன் கட்டுகிறேன்" என்பது போதாது. எந்த ஆண்டு, எந்தப் போர்முனை, எந்த ஸ்குவாட்ரன் என்று முதலில் முடிவு செய்யுங்கள். துப்பாக்கி, நிறம், வட்டச் சின்னம், ஏரியல் (ரேடியோ ஆன்டெனா) எல்லாம் அதைப் பொறுத்துத்தான் மாறும். 1940இல் பிரிட்டனில் பறந்த மார்க் 1க்கு இறக்கைக்குள் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், வெளியே ஓட்டைகள் மட்டும் தெரியும். மார்க் 2சிக்கு நான்கு 20 மி.மீ. பீரங்கிக் குழாய்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

நம் பையன்களில் பலர் 1944இல் இம்பாலில் இருந்த இந்திய விமானப்படை 1ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேனைக் கட்ட ஆசைப்படுகிறார்கள். நல்ல தேர்வு. ஆனால் ஐரோப்பிய விமானத்துக்கான டெக்காலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்) அதில் ஒட்டிவிடாதீர்கள். ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று பர்மா முனையில் சின்னத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். அங்கே கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும்தான். தனி டெக்கால் தாள் வாங்க வேண்டியிருக்கலாம், அதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

1/72 என்றால் நிஜத்தின் 6 அடி, மாடலில் 1 அங்குலம். ஹரிக்கேனின் இறக்கை அகலம் 40 அடி, மாடலில் சுமார் 17 செ.மீ. இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள், பின்னால் பல இடங்களில் உதவும். முதல் மாடலுக்கு 1/32 வாங்கி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பச் சொல்வேன். பெரியது சுலபம் என்று தோன்றும். ஆனால் அவ்வளவு பெரிய பரப்பில் ஒரே சீராக நிறம் அடிப்பது முதல் தடவை வராது.

அச்சு பழையதா புதியதா என்றும் விசாரியுங்கள். பல பத்தாண்டுக்கு முந்தைய அச்சைப் புது டப்பாவில் போட்டு விற்பதுண்டு. தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் தகட்டுக் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருந்தால் அநேகமாகப் பழைய அச்சு. அது முதல் மாடலுக்கு வேண்டாம்.

குறிப்புப் படங்களுக்குப் போர்க்காலப் புகைப்படங்களைத் தேடுங்கள். டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஹரிக்கேன் ஒன்று இருக்கிறது. வடிவத்துக்கு அதன் படங்களைப் பார்க்கலாம். நிறத்துக்கு எந்த அருங்காட்சியக விமானத்தையும் நம்பாதீர்கள், அவை பின்னாளில் மறுபடி நிறம் அடிக்கப்பட்டவையாக இருக்கும்.

2. மேசையில் என்னென்ன வேண்டும்

ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றிருப்பவை சில: கிட், பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் மெல்லிய மாடல் சிமெண்ட், அக்ரிலிக் பெயிண்ட், நிறம் படாமல் மறைக்கும் மாஸ்கிங் டேப், ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டும் சின்ன கட்டர். மற்றவை ஊரிலேயே கிடைக்கும். கோட்டாறு பக்கம் ஏதாவது ஹார்டுவேர் கடையில் 400, 600, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்கலில் 11ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடும், தின்னர் சொட்டுவிட ஊசியில்லாத சிரிஞ்சும் கிடைக்கும். ஃபேன்ஸி ஸ்டோரில் நகம் தேய்க்கும் பஃபர். வீட்டில் துணி கிளிப், பல்குச்சி, ஃபெவிகால்.

பசை விஷயத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஃபெவிக்விக் மாதிரியான உடனடிப் பசை பிளாஸ்டிக்கை உருக்காது, மேலே பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். வைத்த பிறகு நகர்த்த நேரம் தராது. காக்பிட் (விமானி உட்காரும் இடம்) கண்ணாடிக்குப் பக்கத்தில் போனால் அதன் ஆவி வெள்ளையாகப் படிந்து கண்ணாடியைக் கெடுத்துவிடும். மாடல் சிமெண்ட் இரு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்குவதால் இணைப்பே மறைந்துபோகும். அதன் வாசனை நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இன்னொன்று, ஆட்டோமொபைல் பெயிண்ட் கடை என்சி தின்னரை இந்தப் பிளாஸ்டிக்கின் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். இறக்கை கொழகொழவென்று இளகிப்போகும். துடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

3. கழுவு, வெட்டு, ஒட்டாமல் பொருத்திப் பார்

ஸ்ப்ரூவோடு எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசுங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டாமலிருக்கப் போடும் எண்ணெய்ப்பசை மேலே இருந்தால் பெயிண்ட் பிடிக்காது, மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். குளச்சல், முட்டம் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும். காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விடும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் வையுங்கள்.

எல்லாப் பாகங்களையும் ஒரே நாளில் வெட்டிக் குவிக்க வேண்டாம். இன்றைய படிக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள், எண் ஸ்ப்ரூவில்தான் இருக்கிறது. பாகத்தை ஒட்டி வெட்டாமல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மீதியைப் பிளேடால் சீவி, வாட்டர் பேப்பரால் தேயுங்கள். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும்.

அப்புறம் உடலின் இரு பாதிகள், இறக்கை, வால் எல்லாவற்றையும் டேப் போட்டு நிறுத்திப் பாருங்கள். பசை வேண்டாம். எங்கே இடைவெளி வருகிறது என்று இப்போதே தெரிந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். பசை காய்ந்த பிறகு தெரிந்தால் புட்டி ஒன்றுதான் வழி.

4. காக்பிட்

உடலை மூடிவிட்டால் உள்ளே கை போகாது, அதனால் காக்பிட்தான் முதல் வேலை. பிரிட்டிஷ் விமானங்களுக்கு உள்ளே சாம்பல் கலந்த பச்சை. இருக்கை, கருவிப்பலகை, சீட்பெல்ட் போதும். கண்ணாடிக் கூடு மூடினால் 1/72இல் தெரியப்போவது அவ்வளவுதான். காக்பிட்டிலேயே இரண்டு மாதம் உட்கார்ந்து, விமானத்தை முடிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒட்டும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள். சிமெண்ட் பிளாஸ்டிக்கைத்தான் உருக்கும், பெயிண்டை அல்ல.

5. உடலும் இறக்கையும்

இந்தப் படியை நிதானமாகச் செய்யுங்கள். மாடல் கோணலாகிப்போவது இங்கேதான்.

குலசேகரத்திலிருந்து வரும் தம்பி ஒருநாள், "அண்ணே, இறக்க பொருந்தமாட்டேங்கு" என்று கொண்டுவந்தான். இறக்கையைத் தேய்தேய் என்று தேய்த்திருந்தான். குற்றவாளி காக்பிட். அதன் ஓரத்தில் பெயிண்ட் தடிமனாகப் படிந்து, உடலின் இரு பாதிகளையும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பொருந்தாத இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் வேறு. இடைவெளி கண்டால் அந்த இடத்தையே தேய்க்காமல், உள்ளே எது தள்ளுகிறது என்று ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

உடலின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, இணைப்புக் கோட்டில் தூரிகையால் சிமெண்டைத் தொட்டால் அதுவே உள்ளே ஓடும். நிறையத் தடவக்கூடாது. இலேசாக அழுத்தும்போது உருகிய பிளாஸ்டிக் நூல்போல வெளியே பிதுங்கினால் சரியான அளவு. அதைத் துடைக்காதீர்கள், காய்ந்த பிறகு தேய்த்தால் அதுவே இணைப்பை நிரப்பிவிடும். டேப்பில் மறையும் இடங்களில் சிமெண்ட் விடாதீர்கள். டேப்புக்கு அடியில் அது ஊறி, விரல்ரேகை மாதிரித் தடம் விட்டுப்போகும்.

ஹரிக்கேன் இறக்கையின் நடுப்பகுதி மட்டமாக இருக்கும், வெளிப்பகுதிதான் இருபுறமும் மேலே எழும்பும். அடி இறக்கை ஒரே துண்டாக வந்தால் கோணம் ஓரளவு தானே அமையும். இருந்தாலும் காயும்வரை இரு நுனிகளின் அடியிலும் ஒரே மாதிரித் தீப்பெட்டிகளை வைத்துவிடுங்கள். வால் இறக்கையை ஒட்டிவிட்டு, மாடலை மேசையில் வைத்து, நாலு அடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி முன்னாலிருந்து பாருங்கள். கையில் பிடித்துப் பார்த்தால் கோணல் தெரியாது.

இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே மேலே இடைவெளி நின்றால், உடலுக்குள் குறுக்கே ஒரு துண்டு ஸ்ப்ரூவை முட்டுக்கொடுத்து உடலை அரை மில்லிமீட்டர் அகட்டலாம். புட்டி அடைப்பதைவிட இது நல்லது. அங்கே உள்ள தகட்டுக் கோடுகள் தப்பிக்கும்.

ஏர்கோப்ரா, லைட்னிங் மாதிரி மூக்குச் சக்கரம் உள்ளவற்றுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. உடலை மூடும் முன் மூக்கில் எடை வைக்காவிட்டால் முடித்த பிறகு வாலில் உட்கார்ந்துவிடும். மீன்பிடி சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் தூண்டில் ஈயக்குண்டு இதற்குச் சரியான பொருள். ஈயத்தைத் தொட்டால் கை கழுவுங்கள். ஹரிக்கேனுக்கு வால் சக்கரம்தான், எடை தேவையில்லை.

6. இணைப்பை மறைத்தல்

குறைந்தது ஒரு நாள் காயவிடுங்கள். சிமெண்டில் இளகிய பிளாஸ்டிக் மெதுவாகத்தான் இறுகும். அவசரப்பட்டுத் தேய்த்தால் இன்று சமமாகத் தெரிந்த இடம் அடுத்த வாரம் பள்ளமாகும், அதுவும் பெயிண்ட் அடித்த பிறகு.

400இல் தொடங்கி 1000 வரை, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். சின்னக் கீறலுக்கு உடனடிப் பசையோடு டால்கம் பவுடர் குழைத்து அடைக்கலாம். அதை ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். பெரிய ஓட்டைக்கு எம்-சீல், ஈர விரலால் வழித்து மட்டமாக்குங்கள். அழிந்த கோடுகளை ஊசி நுனியால் மறுபடி கீறுங்கள்.

இங்கே ஹரிக்கேனுக்கு ஒரு விசேஷம். காக்பிட்டுக்குப் பின்னால் உடல் உலோகத் தகடு அல்ல, மரச்சட்டத்தின் மேல் போர்த்திய துணி. அங்கே தெரியும் மெல்லிய நீள வரிகளைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். நான் முதல் மாடலில், அச்சுக் குறை என்று நினைத்து எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிட்டேன்.

7. கண்ணாடிக் கூடு

முன்பக்கக் கண்ணாடியை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். காய்ந்தால் தெளிவாகிவிடும், தவறினால் தண்ணீரில் துடைத்துவிடலாம். சட்டங்களை விட்டுக் கண்ணாடியை மட்டும் மறைக்க, டேப்பை மெல்லிய கீற்றுகளாக வெட்டி ஓரங்களில் வைத்து, நடுவை மாஸ்கிங் திரவத்தால் நிரப்புவது வழக்கம்.

அந்தத் திரவம் பெரும்பாலும் அமோனியா சேர்த்த ரப்பர் பால்தான். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அதற்கா பஞ்சம்! உறையாமலிருக்க அமோனியா ஊற்றி வைத்த பாலைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். மரத்திலிருந்து அப்படியே எடுத்தது சில மணி நேரத்தில் உறைந்துவிடும். தூரிகையை முதலில் சோப்பு நீரில் முக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தத் தூரிகையை மறந்துவிட வேண்டியதுதான். வெறும் கண்ணாடி மேல் மட்டும் தடவுங்கள். அக்ரிலிக் பெயிண்ட் மேல் பட்டால் அமோனியா அதை இளக்கிவிடும்.

மறைத்த பிறகு சட்டங்களுக்கு முதலில் காக்பிட் உள்நிறத்தை அடியுங்கள், அப்புறம்தான் வெளிநிறம். உள்ளிருந்து பார்த்தால் சட்டம் உள்நிறத்தில் தெரியும்.

8. நிறமும் நம் ஊர் வானிலையும்

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனிலிருந்து தென்மேற்கு, அக்டோபரிலிருந்து வடகிழக்கு. நான் மழை மாதங்களில் ஒட்டுவது, தேய்ப்பது மட்டும் வைத்துக்கொண்டு, நிறத்தையும் வார்னிஷையும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிக்கப் பார்ப்பேன். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், மழை விட்ட நாளில் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரைக்குள் அடியுங்கள். காற்றில் ஈரம் அப்போதுதான் குறைவு. ஒருமுறை ஜூலை மாதச் சாயங்காலத்தில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். கால்மணி நேரத்தில் விமானம் முழுக்கப் பனி மூடியது போலானது. பிறகு ஒரு நல்ல வெயில் நாளில் கிளாஸ் (பளபளக்கும்) வார்னிஷ் அடித்ததும் பாதிக்குமேல் தெளிந்தது. மீதி இன்னும் அப்படியே இருக்கிறது.

பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் இருந்தால், கம்ப்ரஸர் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம். இங்குள்ள காற்றை அழுத்தினால் தண்ணீர் சேரும், நடு இறக்கையில் துப்பும். டாங்க்கை அவ்வப்போது வடித்துவிடுங்கள். பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் ஜன்னலையும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்று தூசியில்லாமல் வராது. அதற்காக மூடிய அறையில் முகமூடி இல்லாமல் அடிக்கவும் கூடாது.

ஏர்பிரஷ் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். தட்டைத் தூரிகையால் மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பின். ஈரத்தில் மறுபடி இழுத்தால் அடிப்பூச்சு பிடுங்கிக்கொண்டு வரும்.

முதலில் சாம்பல் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. ஒரே நிறமாக இருக்கும்போதுதான் விட்டுப்போன கீறலும் பள்ளமும் கண்ணில் படும். சரிசெய்துவிட்டு, வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் போங்கள்: அடிப்பக்கம் நடுத்தரக் கடற்சாம்பல், மேலே மண்பழுப்பு, கடைசியில் கரும்பச்சைப் பட்டைகள். வெளிறியதை அடர்ந்ததன் மேல் அடித்தால் பல பூச்சு தேவைப்பட்டு, தகட்டுக் கோடுகள் மூடிப்போகும்.

இரு நிறங்கள் சந்திக்கும் ஓரத்தைப் புகைபோல் பரப்பாதீர்கள். நிஜத்தில் அந்தக் கலப்பு இரண்டு அங்குலம் என்றே வைத்துக்கொண்டாலும், 1/72இல் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது.

9. கிளாஸ், டெக்கால், மறுபடி மேட்

மேட் பெயிண்டின் மேற்பரப்பு சொரசொரப்பு. அதில் டெக்கால் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, படலம் வெள்ளியாய் மின்னும். அதனால் முதலில் கிளாஸ் வார்னிஷ், ஒரு நாள் காயவிடுங்கள்.

டெக்காலை வெதுவெதுப்பான கேன் தண்ணீரில் அரை நிமிடம் வைத்து எடுத்து, தாளிலேயே கொஞ்ச நேரம் விடுங்கள். தானாக வழுக்கத் தொடங்கும்போது தூரிகையால் தள்ளுங்கள். நகத்தால் இழுத்தால் சுருளும். அடியில் ஒரு சொட்டு வெள்ளை வினிகர் விட்டால் படலம் இளகிக் கோடுகளுக்குள் படியும். காய்ந்ததும் தண்ணீரால் துடைத்து, மேலே இன்னொரு கிளாஸ் பூச்சு.

வாங்கி வைத்த டெக்கால் தாளை ஈரத்தில் விடாதீர்கள். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டுவையுங்கள். மஞ்சளித்த தாளை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஒட்டி, சில நாள் வெயில் காட்டினால் பெரும்பாலும் வெளுக்கும்.

10. அழுக்கு

கிளாஸ் பூச்சின் மேல் ஆயில் கலரை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்துக் கோடுகளில் ஓடவிட்டு, மேலே உள்ளதை முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். காற்று போகும் திசை அது. டர்பன்டைனை முதலில் பெயிண்ட் அடித்த ஸ்ப்ரூத் துண்டில் சோதியுங்கள். கருப்பு வேண்டாம், கரும்பழுப்பு போதும். கருப்பில் செய்தால் விமானம் கட்டம் போட்ட சாரம் (லுங்கி) மாதிரி ஆகிவிடும்.

பெயிண்ட் உரிந்து உலோகம் தெரிவதாக வெள்ளி நிறம் வைப்பது எல்லோருக்கும் பிடித்த வேலை, அளவு மீறுவதும் அங்கேதான். விமானி இடதுபுறமாக ஏறுவார். ஆகவே இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேல்பக்கத்தில் தேய்மானம் அதிகம், வலதில் குறைவு. பின்னுடலில் வெள்ளி வைத்துக் கொண்டுவந்த மாடல்களைப் பார்த்திருக்கிறேன். அது துணி என்று மேலே சொன்னேன், துணிக்கு அடியில் ஏது தகடு?

புகைக்கறைக்கு சாக் பேஸ்டலை வாட்டர் பேப்பரில் தேய்த்த பொடி. புகைக்குழாயிலிருந்து பின்னோக்கி, பழுப்பும் சாம்பலும் கலந்து. எல்லாம் முடிந்ததும் மேட் வார்னிஷ், மறுபடி வானத்தைப் பார்த்துவிட்டு.

11. கடைசியில் ஒட்ட வேண்டியவை

சக்கரக் கால்கள், அவற்றின் கதவுகள், பீரங்கிக் குழாய், ஏரியல் கம்பம், ப்ரொப்பெல்லர் எல்லாம் இப்போதுதான். முன்பே ஒட்டினால் தேய்க்கும்போதும் டேப் ஒட்டும்போதும் ஒவ்வொன்றாக முறியும். இவற்றை ஸ்ப்ரூவில் இருக்கும்போதே நிறமடித்து வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் அடியை இரண்டு இழுப்பு தேய்த்துத் தட்டையாக்கினால் எடை தாங்கி நிற்பதுபோல் இருக்கும்.

ப்ரொப்பெல்லரைப் பின்முன்னாக மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. அலகின் வளைந்த முகம் முன்னால், தட்டை முகம் பின்னால். ஹரிக்கேனின் மெர்லின் எஞ்சினுக்கு, விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும்.

ஏரியல் கம்பி எல்லா ஹரிக்கேனுக்கும் கிடையாது. விஎச்எஃப் ரேடியோ வந்த பிறகு கம்பத்திலிருந்து வால் வரை போகும் கம்பி தேவைப்படவில்லை. உங்கள் விமானத்தின் படத்தைப் பாருங்கள். தேவையென்றால், ஒரு பையன் செய்ததுபோல் மீன்வலை நைலான் நரம்பைக் கட்டாதீர்கள். 0.2 மி.மீ. நரம்பை 72ஆல் பெருக்கினால் 14 மி.மீ., துணி காயப்போடும் கயிறைவிடத் தடிமன். மீந்த ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, பளபளக்கும்போது விலக்கி மெதுவாக இழுத்தால் முடியைவிட மெல்லிய இழை வரும். அதை ஃபெவிகால் புள்ளியால் ஒட்டுங்கள்.

கண்ணாடிமேல் உள்ள டேப்பையும் ரப்பரையும் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பல்குச்சியால் உரியுங்கள்.

12. வைக்கும் இடம்

கண்ணாடிக் கதவு உள்ள அலமாரி, வெயில் நேராகப் படாத சுவர். திறந்த தட்டில் வைத்தால் தூசி ஒரு பக்கம், பல்லி ஒரு பக்கம். ஓடுதளம் மாதிரி அடித்தட்டு செய்கிறவர்கள் கடற்கரை மணலை எடுக்கிறார்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து, மழைக்காலத்தில் தட்டையே நனைத்துவிடும். மணவாளக்குறிச்சிக் கருமணல் பார்க்க அழகுதான், அதில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது, வீட்டு அலமாரிக்கு அது வேண்டாம். ஆற்றுமணலைச் சலித்து, கழுவி, வாணலியில் வறுத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.